நாலு சக்கரம் இருந்தால் புரளாதா?



பெருநாள் விடுமுறை வந்தால் வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களின் ஸ்டேட்டஸ்களில் பாலைவனம் வந்துவிடும். மணல் மேடு, பிரியாணிச் சட்டி, அதோடு ஒரு குவாட் பைக். சவூதியில் இருப்பவர்கள் அதைத் 'தப்பாப்' என்பார்கள், கம்பனிக்காரர்கள் ஏ.டி.வி என்பார்கள். பத்து வயதுப் பிள்ளை ஹேண்டிலைப் பிடித்திருக்கும், பின்னால் வாப்பா உட்கார்ந்திருப்பார். இருவர் தலையிலும் ஹெல்மட் இருக்காது. கீழே வரிசையாக 'மாஷா அல்லாஹ்'.

அந்த வீடியோக்களை ஊரில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். இடைவேளையில் எங்களிடம் வந்து கேட்கிறார்கள்: "சேர், ரப்டர் நல்லமா, ரெனகேட் நல்லமா? எதை மாத்தினா நல்லா இழுக்கும்?" ஆசைப்படுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. எஞ்சினைப் பற்றி இவ்வளவு விபரமாகக் கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியருக்குத்தான் பிடிக்காது? ஆனால் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் விழும், இது நாலு சக்கரம், காரைப் போல நிற்கும் என்பதுதான் அது. வாங்கும்போதும் மாற்றும்போதும் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

விஞ்ஞானப் பாடத்தில் புவியீர்ப்பு மையம் படிப்பிக்கிறோம் அல்லவா? மையம் உயரமாகவும் அடித்தளம் ஒடுக்கமாகவும் இருந்தால் பொருள் எளிதில் சாயும். குவாட் பைக் அப்படித்தான். சக்கரங்களுக்கிடையிலான அகலம் காரை விட மிகக் குறைவு. ஓட்டுபவர் உள்ளே இல்லை, மேலே இருக்கிறார். பெரும்பாலான ஸ்போர்ட் ரகங்களில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே அச்சு சுழற்றும், இடையில் டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் திருப்பும்போதும் வண்டி நேராகப் போகவே பார்க்கும். ஓட்டுபவர் தன் உடலை வளைவின் உட்பக்கம் சாய்த்து எடையை மாற்றினால்தான் அது ஒழுங்காகத் திரும்பும். அதாவது ஓட்டுபவரின் உடம்பும் வண்டியின் ஒரு பாகம். பின்னால் இன்னொருவரை ஏற்றினால் அந்தப் பாகம் அசைய முடியாது. பெரும்பாலான குவாட் பைக்குகளில் 'ஆள் ஏற்றாதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1970இல் ஹொண்டா கம்பனி மூன்று சக்கர ஏ.டி.வியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அகலமான காற்று டயர்கள், பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும். எண்பதுகளில் விபத்துகள் பெருகின, காயப்பட்டவர்களிலும் மரணித்தவர்களிலும் பிள்ளைகள் ஏராளம். 1988இல் அமெரிக்க அரசுக்கும் கம்பனிகளுக்கும் இடையில் நீதிமன்றத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. 90 சீசீக்கு மேற்பட்ட வண்டியில் 16 வயதுக்குக் குறைந்தவரை ஏற்றக்கூடாது என்ற விதியும் அப்போதுதான் நிலைபெற்றது. பிறகு நாலு சக்கரம் சந்தையைப் பிடித்தது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அவுஸ்திரேலியாவில் பண்ணைகளில் குவாட் பைக் புரண்டு ஆட்கள் இறப்பது தொடர்ந்ததால், 2021 ஒக்டோபர் முதல் அங்கு விற்கும் பொதுப்பாவனை வண்டிகளுக்கு, புரண்டால் ஓட்டுபவரை நசுக்காமல் தடுக்கும் பாதுகாப்புச் சட்டம் கட்டாயமானது. நாலு சக்கரம் போதும் என்றால் இந்தச் சட்டத்துக்கு என்ன தேவை?

சரி, உழைத்த காசில் ஒன்றை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் எப்படித் தெரிவு செய்வது?

முதலில் நிலத்தைப் பாருங்கள். காய்ந்த மணல் மேட்டில் எடை குறைந்த வண்டிதான் சுகம். யமஹா ரப்டர் 700 பின்சக்கர இழுவை மட்டும் உள்ளது, ஏறக்குறைய 190 கிலோ. கேன்-ஆம் ரெனகேட் போன்ற ஸ்போர்ட் ஃபோர் வீல் வண்டிகள் 300 கிலோவைத் தாண்டும். சேறு, கல், சரிவு, ஈரமான வயல் வரம்பு என்றால் நாலு சக்கர இழுவை உதவும். ஆனால் அது ஏறத்தான் உதவும், நிற்க உதவாது. முன்பு போக முடியாத இடத்துக்கும் கொண்டுபோய் விடும், அங்கிருந்து இறங்குவது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, ஓட்டுபவரைப் பாருங்கள். புதிதாகப் பழகுபவருக்கு 700, 1000 சீசீ தேவையில்லை. வண்டி புரண்டால் அதைத் தூக்கித் தள்ளிவிட்டு வெளியே வரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி மொடிஃபை பண்ணும் கதை. நம் பொடியன்மார் முதலில் கை வைப்பது சைலன்சரில். எங்கள் கருத்து, வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே. முதலில் நிறுத்துவது, அடுத்தது நிலைப்பது, கடைசியில்தான் ஓடுவது.

நிறுத்துவது என்றால் பிரேக் பேட், பிரேக் ஒயில், அதோடு கையில் கட்டிக்கொள்ளும் கில் சுவிட்ச் கயிறு. ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று எஞ்சின் நிற்கும். செலவு மிகக் குறைவு, பெறுமதி உயிர்.

நிலைப்பது என்றால் டயரும் சஸ்பென்ஷனும். இந்த டயர்களுக்குக் கார் டயர் போல முப்பது பி.எஸ்.ஐ காற்று அடிக்கக்கூடாது. பெரும்பாலும் ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ அளவுதான், வண்டியில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். கூடுதலாக அடித்தால் வண்டி பந்துபோலத் துள்ளும். மணலில் ஓடுபவர்கள் பின்னுக்குத் துடுப்பு டயர் போடுவார்கள், அது மணலுக்கு மட்டும்தான். கால் நழுவிப் பின்சக்கரத்துக்குள் போகாமல் பக்கத்தில் பூட்டும் பார், மேட்டுக்கு அந்தப் பக்கம் வருபவருக்குத் தெரியும்படி உயரமான கொடி, இவையும் இந்த வரிசையில்தான் வரும். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்துவது பார்க்கக் கெத்தாக இருக்கும். ஆனால் புவியீர்ப்பு மையத்தைக் காசு கொடுத்து மேலே தூக்குகிறோம் என்பதுதான் அதன் பொருள்.

ஓடுவது கடைசி. சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டால் வேகம் வந்துவிடாது, சத்தம்தான் வரும். புகை வெளியேறும் வழி திறந்ததும் காற்று கூடி எரிபொருள் குறையும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். எரிபொருள் அளவையும் சேர்த்துத் திருத்தாத வேலை அரைகுறை வேலை. அதைவிட ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எயார் ஃபில்டரைச் சுத்தம் செய்தால் எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும். மணல் தின்ற எஞ்சினை எந்த சைலன்சரும் காப்பாற்றாது.

நம் ஊரில் ஒன்றை இறக்கி வீதியில் ஓடலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்தாண்டுத் தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட வாகன இறக்குமதி திறந்ததும் இந்த ஆசை கூடியிருக்கிறது. சுங்கத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் எழுத்தில் பதில் வாங்காமல் யாருக்கும் முற்பணம் கட்ட வேண்டாம். அதற்கும் மேலாக, தார் வீதிக்கு இது உகந்ததல்ல என்று செய்த கம்பனிகளே சொல்கின்றன. மென்மையான டயரும் பூட்டிய அச்சும் தாரில் வண்டியை எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அது நம் பிள்ளைகளின் பக்கமாகவும் இழுக்கலாம்.

கடைசியாக வாப்பாமாருக்கு. 40 கிலோ பிள்ளை 300 கிலோ வண்டியைத் தன் உடம்பால் சாய்த்துத் திருப்ப முடியாது. பிள்ளை கெட்டிக்காரனா, தைரியசாலியா என்பது இங்கே கேள்வியே அல்ல, எடைதான் கேள்வி. ஆசை இருந்தால் வயதுக்கேற்ற சிறிய வண்டியைப் பிடியுங்கள். ஹெல்மட், கையுறை, சப்பாத்து போட்டு, தனியாக, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க மெதுவாக ஓடட்டும். வாடகைக்குக் கொடுப்பவன் ஹெல்மட் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். "அல்லாஹ் பாதுகாப்பான்" என்று சொல்லி ஏற்றிவிடுவது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கப் படித்த சமூகம் நாம்.

வெயிலில் நின்று உழைத்து அனுப்பும் காசு பிள்ளையின் சிரிப்புக்காகத்தான் என்று எங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு அடுத்த பெருநாளுக்கும் வீட்டில் இருக்க வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன்.

வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மாருக்கும் நாநாமாருக்கும் இதை அனுப்பி வையுங்கள்.