தாவரச் சத்தும் தமனி நலமும்

‘உணவே மருந்து’ என்று சொல்லாத தமிழர் இல்லை. அந்தச் சொல்லையே முதலாக வைத்து இன்று மாத்திரையும் தூளும் விற்கிறார்கள். “ஃபிளேவனாய்டு நிறைந்தது, இரத்தக் குழாய் அடைப்பை நீக்கும்” என்பது விற்பவர்களின் முழக்கம். இதற்கு அறிவியல் அடிப்படை உண்டா? உண்டு, ஆனால் முழக்கத்தின் அளவுக்கு இல்லை என்பதே என் கருத்து.

ஃபிளேவனாய்டுகள் தாவரங்களில் அமைந்துள்ள ஒருவகை வேதிப்பொருள்கள். தேயிலை, வெங்காயம், ஆப்பிள், எலுமிச்சை, கொக்கோ ஆகியவற்றில் இவை மிகுதி. 1936-இல் அங்கேரி நாட்டு அறிஞர் சென்ட் ஜியார்ஜி, இவை நுண்குழாய்களைக் காக்கின்றன எனக் கருதி வைட்டமின் வரிசையிலேயே சேர்த்தார். இவை இல்லாவிடில் குறைநோய் வரும் என்று மெய்ப்பிக்க இயலாததால் அப்பெயர் பின்னர் கைவிடப்பட்டது.

1993-இல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சூட்ஃபென் நகரின் 805 முதியவர்களை ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். ஃபிளேவனாய்டு மிகுதியாக உண்டவர்களிடையே இதயநோய் இறப்பு, குறைவாக உண்டவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. அவர்களுக்கு அச்சத்து பெரும்பாலும் தேநீரிலிருந்தே கிடைத்தது. இத்துடன் நிறுத்திக்கொண்டால் விற்பனையாளருக்குக் கொண்டாட்டம்தான்!

ஆனால் 1997-இல் வேல்ஸ் நாட்டுக் கேர்ஃபிலியில் சுமார் 1,900 ஆண்களை ஆராய்ந்தபோது அத்தகைய பயன் தென்படவில்லை. அவர்கள் தேநீரில் பால் கலந்து குடிப்பவர்கள். தேநீர் மிகுதியாகக் குடித்தவர்களிடம் புகைப்பழக்கமும் மிகுந்திருந்தது. காரணம் பாலா, புகையா? வெறும் கவனிப்பால் இதைப் பிரித்தறிய முடியாது. 2007-இல் ஜெர்மனியில் 16 பெண்களிடம் செய்த சோதனையில், பால் சேர்க்காத தேநீர் தமனியை விரிவடையச் செய்தது. பால் சேர்த்தது செய்யவில்லை. பால் தேநீரில் வளர்ந்த நமக்கு இது சுவையான செய்திதான். எனினும் பதினாறு பேரை வைத்து உலகுக்கே விதி எழுதிவிடலாமா?

தமனியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. இவ்வுண்மையைக் கண்டவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொக்கோவிலுள்ள ஃபிளேவனால்கள் இச்செயலுக்குத் துணை செய்கின்றன என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. ஆயினும் குழாய் சற்று விரிவது வேறு. படிந்த கொழுப்பு கரைவது வேறு.

2022-இல் அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு வெளியாயிற்று. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளேவனால் உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்தப் பாதிப்புகள் பத்து விழுக்காடு குறைந்தன. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றது கணக்கு. இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு மட்டும் 27 விழுக்காடு குறைந்தது. நம்பிக்கை தரும் செய்தி, முடிந்த முடிவன்று. அந்த ஆய்வுக்குச் சாக்லேட் நிறுவனமொன்றின் உதவியும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இதையெல்லாம் நாம் ஏன் அறிய வேண்டும்? நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். “படித்த பிள்ளை நீ, இதில் என்ன போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்” என்று பெரியவர்கள் புட்டியை நீட்டுவது நம்மிடந்தான். நம் சொல்லை நம்பி ஒருவர் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால், விளைவுக்கு யார் பொறுப்பு?

ஆதலின் நண்பர்களே, நான் சொல்வது இதுதான். வெங்காயமும் கீரையும் பழமும் தாராளமாக உண்போம். அதில் இழப்பு ஒன்றுமில்லை. புகையை விடுவோம். மருத்துவர் தந்த மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்த விடோம். விலையுயர்ந்த புட்டியைக் காட்டி ஒருவர் ஆய்வு, ஆய்வு என்றால், “எத்தனை பேரிடம்? எத்தனை ஆண்டு? யார் பணத்தில்?” என்று மூன்று கேள்விகள் கேட்போம். கல்லூரி நமக்குத் தந்த கல்வி வீட்டுக்குப் பயன்படுவது அப்போதுதான்.