120 ஸ்பூன்

1/
பேதி பத்தி ஒரு நீளமான த்ரெட். சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. ஆனா வீட்டுல 5 வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. வயசான அப்பா அம்மா இருந்தாலும்தான்.

2/
நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடறேன். வயித்தால போற குழந்தைக்கு முக்கியமான சிகிச்சை, ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனா ஓ.ஆர்.எஸ். புகட்டுறது. நாம அதை சிகிச்சைன்னே மதிக்கிறதில்ல. பாட்டில் ஏத்தினாத்தான் வைத்தியம், மாத்திரை கொடுத்தாத்தான் டாக்டர். இப்படி ஆனதுல டாக்டர்களோட பங்கு பெருசு. என் பங்கும் இருக்கு.

3/
எம்.பி.பி.எஸ். முடிச்சு அரசுப் பணியில சேர்ந்த புதுசு. தாலுகா ஆஸ்பத்திரி, நைட் டூட்டி, மணி பதினொன்றரை இருக்கும். ஒரு வயசுப் பையன், 8 கிலோ. காலையிலிருந்து பத்து தடவைக்கு மேல மோஷன், நாலஞ்சு வாந்தி. கண்ணு உள்ள போயிருந்தது. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத்தான் பழையபடி படிஞ்சது. ஆனா முழிப்பா இருந்தான், அழுதான்.

4/
கூட வந்த அப்பத்தா, "ஐயா, உடனே ஒரு பாட்டில் ஏத்துங்கய்யா, புள்ள துவண்டு போச்சு"ன்னு அழுதாங்க. குழந்தையோட அப்பா வாசல்ல நின்னு போன்ல, "இன்னும் ஒண்ணுமே பண்ணல, சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க"ன்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தார். அது என் காதுல விழுந்தது. நான் வென்ஃப்ளானைக் கையில எடுத்தேன்.

5/
நீர் வத்தின குழந்தைக்கு நரம்பு கிடைக்கிறது கஷ்டம். வலது கை, இடது கை, ரெண்டு காலு. நாலு இடத்துல குத்தியாச்சு. அஞ்சாவது குத்துல நரம்பு கிடைச்சு, அடுத்த நிமிஷமே உடைஞ்சு வீங்கிடுச்சு. குழந்தை கத்துறான், அம்மா அழறாங்க, எனக்கு ஏ.சி. இல்லாத ரூம்ல முதுகெல்லாம் வேர்வை.

6/
அப்போ டூட்டி சிஸ்டர் மெதுவா சொன்னாங்க: "சார், இவன் தாகமா இருக்கான். டம்ளரைக் காட்டினா எட்டிப் புடிக்கிறான். குடிக்கிற புள்ளைய எதுக்கு சார் குத்திக்கிட்டு?"

பாடத்துல படிச்சதுதான். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த ராத்திரி வாசல்ல நின்ன அப்பாவுக்குப் பயந்து மறந்துட்டேன்.

7/
சிஸ்டர் ஒரு லிட்டர் தண்ணியில ஒரு முழு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைச்சு, அம்மா மடியில குழந்தையை நிமிர்த்தி வச்சு, முதல் பத்து ஸ்பூனை அவங்களே கொடுத்தாங்க. அப்புறம் ஸ்பூனை அம்மா கையில கொடுத்து, "ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு போடு"ன்னு ஓ.பி. சீட்டோட பின்பக்கத்தையும் ஒரு பேனாவையும் கொடுத்தாங்க.

8/
நடுவுல ஒரு தடவை வாந்தி. அம்மா நிறுத்திட்டாங்க. சிஸ்டர் வந்து, "பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி கொடும்மா, இன்னும் நிதானமா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. மூணு மணிக்கு நான் ரவுண்ட்ஸ் வந்தப்போ சீட்டு முழுக்கக் கோடு. பையன் அப்பத்தா புடவையை நனைச்சிருந்தான். "யூரின் போயிட்டான் சார்!" சிஸ்டர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

9/
இப்போ கணக்கு. உடம்புல ஓரளவு நீர் வத்தின குழந்தைக்கு, முதல் 4 மணி நேரத்துல கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ். கொடுக்கணும். 8 கிலோ குழந்தைக்கு 600 மில்லி. ஒரு டீஸ்பூன் 5 மில்லி. ஆக 120 ஸ்பூன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. அந்த ராத்திரி வைத்தியம் அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் போட்ட சத்தம்.

10/
இது எப்படி வேலை செய்யுது? குடல் சுவர்ல ஒரு கதவு இருக்குன்னு வச்சுக்கோங்க. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தா அந்தக் கதவு திறக்கும். அதுங்க உள்ள போனா பின்னாடியே தண்ணியும் போகும். காலரா மாதிரி கொட்டுற பேதியிலயும் இந்தக் கதவு வேலை செய்யும். அதனாலதான் "குடிச்சா குடிச்சது அப்படியே போயிடுது"ங்கிறது பாதிதான் உண்மை. மோஷன் உடனே நிக்காது. ஆனா உடம்புக்குத் தேவையானது உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

11/
1971. பங்களாதேஷ் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள்ள வர்றாங்க. பன்காவ் ஆஸ்பத்திரியில காலரா. தரையெல்லாம் நோயாளிகள். டிரிப் பாட்டில் தீர்ந்துக்கிட்டிருக்கு. திலீப் மஹலனாபிஸ்ங்கிற டாக்டர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூணையும் சரியான அளவுல கலந்து டிரம்ல நிரப்பி வச்சார்.

12/
அதை யார் கொடுத்தாங்க தெரியுமா? நோயாளிகளோட சொந்தக்காரங்க. டிரம்ல இருந்து கப்புல புடிச்சு, உட்கார்ந்து புகட்டினாங்க. 30 சதவீதம் வரைக்கும் போன சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்தது. 2022-ல அவர் காலமானார். 2023-ல பத்ம விபூஷண் கொடுத்தாங்க. கரைசலைப் பத்திப் பேசுற நாம, கப்பைப் புடிச்ச கைகளைப் பத்திப் பேசுறதே இல்ல.

13/
அப்படின்னா டிரிப் தேவையே இல்லையா? தேவை. குழந்தை மயக்கமா, துவண்டு கிடந்தா, குடிக்கவே முடியலைன்னா, எவ்வளவு கொடுத்தாலும் வாந்தியா எடுத்தா, நரம்பு வழியாத்தான் ஏத்தணும். அங்க தாமதம் உயிரை எடுக்கும். ஆனா ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தா, வாய் வழியா ஆரம்பிச்ச 25 குழந்தைகள்ல ஏறக்குறைய ஒரு குழந்தைக்குத்தான் அது போதாம டிரிப் தேவைப்படுது.

14/
பின்ன ஏன் எல்லாருக்கும் பாட்டில் ஏறுது? "மக்கள் கேக்குறாங்க"ன்னு நாங்க சொல்வோம். அது பாதி காரணம். மீதியை நாங்க வெளிய சொல்றதில்ல: ஆள் இல்ல. நைட்ல ஒரு சிஸ்டர், வார்டுல முப்பது, நாப்பது நோயாளிகள். அவங்க எந்தக் குழந்தைகிட்ட போய் 120 ஸ்பூன் கொடுப்பாங்க? பாட்டிலைத் தொங்கவிட்டா அது பாட்டுக்கு இறங்கும். ஆள் உட்கார வேண்டிய இடத்துல நாங்க ஸ்டாண்டை நிறுத்தி வைக்கிறோம்.

15/
அந்த ராத்திரி கேஸ் ஷீட்ல நான் எழுதினது ஒரே வரி: "ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது." யார் கொடுத்தாங்க, எத்தனை மணி நேரம், எத்தனை ஸ்பூன், எதுவும் இல்ல. ஊசி போட்டிருந்தா நேரம், டோஸ், கையெழுத்து எல்லாம் இருந்திருக்கும். எதை எழுதுறோமோ அதுக்குத்தான் ஆளும் கேக்குறோம்.

16/
சரி, வீட்டுல நடக்குற தப்புகளுக்கு வருவோம்.

முதல் தப்பு: ஸ்டாப் மாத்திரை. மெடிக்கல்ல "பேதி நிக்க ஒண்ணு கொடுங்க"ன்னா கிடைக்கிறது பெரும்பாலும் லோபரமைடு. அது கிருமியைக் கொல்லாது, குடலோட அசைவைக் குறைக்கும், அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்குக் கொடுத்தா குடல் ஸ்தம்பிச்சு வயிறு உப்பிடலாம். மோஷன் நின்னுடுச்சேன்னு வீட்டுல நிம்மதியா இருப்பாங்க. உள்ள நிலைமை மோசமாகிட்டிருக்கும். குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். பெரியவங்களும் காய்ச்சலோ ரத்தமோ இருந்தா தொடாதீங்க.

17/
ரெண்டாவது: ஆன்டிபயாடிக். குழந்தைகளுக்கு வர்ற பேதியில பெரும்பாலானது வைரஸ். அதுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மலத்துல ரத்தம் வந்தா, காலரா சந்தேகம் இருந்தா, வேற சில குறிப்பான காரணங்களுக்கு டாக்டர் எழுதுவார். நார்ஃப்ளாக்ஸசின், டினிடசோல் கலந்த மாத்திரையில நாலு வாங்கி, ரெண்டைப் போட்டுட்டு மீதியை ஃப்ரிட்ஜ் மேல வைக்கிறது வைத்தியம் இல்ல.

18/
மூணாவது: ஓ.ஆர்.எஸ். மாதிரியே தெரியுற இனிப்பு டெட்ரா பேக். உலக சுகாதார நிறுவன ஃபார்முலாவுல ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். சர்க்கரை அதிகமான பானம் தண்ணியைக் குடலுக்குள்ள இழுத்துப் பேதியை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் இதுக்காகப் போராடினாங்க. 2025 அக்டோபர்ல, இந்தப் பானங்களோட பேர்ல "ஓ.ஆர்.எஸ்."னு போடக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாருங்க.

19/
நாலாவது: கலக்குற அளவு. நான் அதிகமாப் பார்க்குற தப்பு இதுதான். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சா உப்பு பல மடங்கு ஆகிடும். குழந்தைக்கு ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். "குழந்தைக்குத்தானே, கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக் கலக்குறேன்"ங்கிறதும் தப்பு. முழு பாக்கெட், முழு அளவு தண்ணி. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் எல்லார் வீட்டுலயும் இருக்கு, அதுல அளங்க. 24 மணி நேரத்துல மிச்சத்தைக் கொட்டிட்டுப் புதுசா கலக்குங்க.

20/
பாக்கெட் கைக்கு வர்ற வரைக்கும்? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணி, உப்பு போட்ட மோர் கொடுக்கலாம். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. சாப்பிடுற குழந்தைக்கு இட்லியோ தயிர் சாதமோ கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. "வயித்தைக் காயப் போடு"ன்னு பாட்டி சொன்னா, அன்பா மறுத்துடுங்க.

21/
எவ்வளவு? நீர் வத்துறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். ஒவ்வொரு தடவை மோஷன் போனதுக்கப்புறம், 2 வயசுக்குள்ள 50 முதல் 100 மில்லி. 2 முதல் 10 வயசுக்கு 100 முதல் 200 மில்லி. அதுக்கு மேல தாகம் தீர்ற அளவுக்கு. ஃபீடிங் பாட்டில் வேண்டாம். ஸ்பூனோ பாலாடையோ போதும். சில ஊர்ல அதைச் சங்குன்னு சொல்வாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க கையில பழகின சாமான்தான், நல்லாக் கொதிக்க வச்சு எடுத்துக்கோங்க.

22/
கூடவே ஜிங்க். 6 மாசத்துக்கு மேல 5 வயசு வரைக்கும் தினம் 20 மி.கி., 14 நாள். 2 முதல் 6 மாசம் வரைக்கும் 10 மி.கி. மோஷன் நின்ன மூணாவது நாளே எல்லாரும் நிறுத்திடுறாங்க. நிறுத்தாதீங்க. இந்தப் பேதி சீக்கிரம் குறையவும், அடுத்து வர்ற பேதியைத் தடுக்கவும் அது உதவும். ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் ரெண்டுமே ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். உங்க ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்க.

23/
எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? குழந்தை துவண்டு போனா, குடிக்க மறுத்தா, கண்ணு குழி விழுந்தா, 6 மணி நேரமா யூரின் போகலைன்னா, மலத்துல ரத்தம் வந்தா, பச்சையா வாந்தி எடுத்தா, வயிறு உப்பினா. 2 மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைன்னா எதுக்கும் காத்திருக்காதீங்க. தொக்கம் எடுக்கப் போறது, "பல்லு முளைக்குது, அதான்"னு விட்டுடுறது, இதுலதான் பல மணி நேரம் போகுது. வர்ற வழியிலயும் ஸ்பூன் நிக்கக் கூடாது.

24/
வயசானவங்களுக்கும் இதே ஓ.ஆர்.எஸ்.தான். சுகர் இருந்தாலும் பேதி நேரத்துல குடிக்கலாம். கிட்னி, இதயப் பிரச்சனை இருந்தா அளவை டாக்டரைக் கேட்டுக்கோங்க. பி.பி., சுகர் மாத்திரைகள்ல சிலதை நீர் வத்தின நேரத்துல நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அதை நீங்களா முடிவு பண்ணாம அன்னைக்கே ஒரு போன் பண்ணிக் கேளுங்க.

25/
உலகத்துல வருஷத்துக்கு ஏறக்குறைய 4.4 லட்சம் குழந்தைகள் 5 வயசுக்குள்ள பேதியால சாகுறாங்க. சில ரூபாய் பாக்கெட்டும் பக்கத்துல ஒரு ஆளும் இருந்தா இதுல பெரும்பகுதியைத் தடுக்கலாம். பாக்கெட்டை அரசாங்கம் கொடுத்துடுது. ஆளைத்தான் கணக்குல சேர்க்கல.

26/
அதனால என் கோரிக்கை சின்னது. பல ஆஸ்பத்திரியில "ஓ.ஆர்.எஸ். கார்னர்"னு போர்டு இருக்கு. கீழ ஒரு மேஜை, ஒரு ஜக்கு. அங்க ஒரு நாற்காலியைப் போடுங்க. பேதி சீசன்லயாவது ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஒரு நர்ஸை அதுக்குன்னே உட்கார வைங்க. 120 ஸ்பூனையும் அவங்க கொடுக்க வேண்டாம். முதல் பத்தைக் கொடுத்துக் காட்டி, மீதியை அம்மா கையில ஒப்படைச்சு, அரை மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்தா போதும். அதுக்கும் நேரம் வேணும். நேரம்னா பணியிடம்.

27/
பெற்றோருக்கு ஒண்ணு. டாக்டர் பாட்டில் ஏத்தாம ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னா "ஒண்ணுமே பண்ணல"ன்னு நினைக்காதீங்க. "எவ்வளவு மில்லி, எத்தனை மணி நேரம், எப்போ திரும்பி வரணும்?"னு கேளுங்க. இந்த மூணுக்கும் பதில் சொல்லாத டாக்டர் மேல தாராளமா கோவப்படுங்க. நானா இருந்தாலும் சரி.

28/
அந்தப் பையன் மறுநாள் மதியம் வீட்டுக்குப் போனான். ரெண்டு கையிலயும் காலுலயும் நான் குத்தின இடத்துல பஞ்சு ஒட்டியிருந்தது. அவங்க அம்மா என்கிட்ட வந்து, "ரொம்ப நன்றி டாக்டர், நீங்கதான் காப்பாத்துனீங்க"ன்னாங்க. சிஸ்டர் அப்போ டூட்டி முடிஞ்சு பஸ் ஏறிப் போயிருந்தாங்க. ராத்திரி பூரா ஸ்பூன் புடிச்ச அம்மாவுக்கோ, தான் என்ன செஞ்சோம்னே தெரியல. "நீங்கதாம்மா காப்பாத்துனீங்க"ன்னு நான் சொன்னதை அவங்க நம்பல.

29/
இன்னைக்கே ரெண்டு பெரிய பாக்கெட் வாங்கி வீட்டுல வைங்க. எக்ஸ்பைரி தேதி பாருங்க. பாட்டியோ தாத்தாவோ குழந்தையைப் பார்த்துக்கிட்டா, இந்த த்ரெட்ல 19, 21, 23 மூணை மட்டும் படிச்சுக் காட்டுங்க. அது போதும்.