டைல்ஸ் வீட்டில் பூனைக்கு மண் எது?

“பூனை நல்ல பூனைதான். மூத்திரம் மட்டும் கட்டிலில் போகிறது. யாருக்காவது வேண்டுமா?” தத்தெடுத்த பூனையைக் கைகழுவ நினைப்பவர்கள் சொல்லும் காரணங்களில் அடிக்கடி காதில் விழுவது இது. கேட்கிற யாரும் கை நீட்டுவதில்லை. அடுத்தது சாக்குப்பை. ஆற்றைத் தாண்டி விட்டால் திரும்பி வராது என்றொரு நம்பிக்கை இருப்பதால், கள்ளக்குறிச்சியில் கோமுகி அணைப் பக்கமோ, கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறும் சாலையோரமோ பலருக்கும் தோதான இடமாகத் தெரிகிறது. எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் வண்டியைத் திருப்பிவிடலாம்.

மலை மேல் வெள்ளிமலைப் பக்கத்து வீடுகளில் சாமையையும் தினையையும் எலியிடமிருந்து காக்கப் பூனை இருக்கும். அது எங்கே ‘போகிறது’ என்று யாரும் யோசிப்பதில்லை. வாசலைத் தாண்டினால் மண். கீழே சமவெளிக் கிராமங்களிலும் கொல்லையும் வைக்கோற்போர் அடியும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, மருத்துவக் கல்லூரி வந்தது, வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களுக்காக வாடகை வீடுகள் மாடி மேல் மாடியாக எழுந்தன. அந்த மாடிகளில் இன்று பூனைகளும் குடியிருக்கின்றன. வீடு முழுக்க டைல்ஸ், வாசலில் சிமெண்ட், பால்கனிக்கு வலை. பூனை மண்ணைத் தேடுகிறது. அகப்படுவது மெத்தையும் துவைக்கப் போட்ட துணிக்குவியலும்தான்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. இளகிய மண்ணைத் தோண்டிக் கழித்து மூடுவது அதற்குப் பிறவிக் குணம். தெருவில் வீடு கட்டக் கொட்டிய எம்-சாண்ட் குவியலுக்கு ஊர்ப் பூனைகளெல்லாம் வந்து சேர்வதைக் கொத்தனார்களிடம் கேட்டால் வசவோடு சொல்வார்கள். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர் ஈரம் உறிஞ்சும் களிமண் துகளைப் பூனைக்கென்று விற்கத் தொடங்கினார். இன்று பையில் அடைத்து விற்கும் ‘லிட்டர்’ வியாபாரம் அப்படி வளர்ந்ததுதான். அதுவரை மணல், சாம்பல், மரத்தூள் என்று கைக்குக் கிடைத்ததுதான் பூனை கழிக்கும் தட்டில் இருந்தது.

தட்டு இருந்தும் பூனை வெளியே போனால் முதல் சந்தேகம் உடம்பின் மேல் விழ வேண்டும். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகிறது. கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. படிகமோ சளிபோன்ற கசடோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் இறந்துவிடும். திரும்பத் திரும்பக் குந்துவது, சொட்டுச் சொட்டாக விடுவது, கத்துவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது ஆகியவை அடையாளங்கள். பார்ப்பவருக்கு இது மலச்சிக்கல் போலவோ வீம்பு போலவோ தெரியும். விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கும் ஒரு ராத்திரி போதும், பூனை கைவிட்டுப் போக. அடைப்பு இல்லாவிட்டாலும் சிறுநீர்ப்பை அழற்சி, சர்க்கரை நோய், வயதான பூனையின் சிறுநீரகக் கோளாறு எல்லாமே தட்டுக்கு வெளியில் முதலில் தெரியக்கூடும். வலியோடு ஒரு முறை போன தட்டை அந்த வலிக்கே காரணம் என்று பூனை ஒதுக்கிவிடுவதும் உண்டு.

அடுத்தது பினாயில். இந்த மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கப் பூனை அசிங்கம் செய்த இடத்தில் நாம் முதலில் ஊற்றுவது அதைத்தான். ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும் அதே குறைபாடுதான் காரணம். பினாயில் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகிறது. டெட்டாலும் அந்துருண்டையும் இதே வரிசையில் வருபவை. தட்டைப் பினாயிலால் கழுவினால், அந்த நெடியிலேயே பூனை தட்டை விட்டு ஓடும். கெட்ட இடத்தை நிறையத் தண்ணீர் விட்டு அலசி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தால் துடைத்தால் வாடை உண்மையிலேயே போகும். வாடை இருக்கும்வரை பூனைக்கு அது கழிப்பிடம்தான். மூக்கை அதில் தேய்ப்பதும் துடைப்பத்தால் அடிப்பதும் ஒளிந்து போகக் கற்றுக்கொடுக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

தட்டுக்குள் என்ன போடுவது என்பதில் நம் ஊர் கொடுத்துவைத்தது. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தின் பட்டறைகளில் மரத்தூள் சேர்கிறது. பாலிஷும் பெயின்ட்டும் படாத, பிளைவுட் கலக்காத தூளைக் கேட்டு வாங்கிச் சலித்து, மெல்லிய பொடியை நீக்கிவிட்டுக் கழுவிக் காயவைத்த மணலோடு கலந்து போடலாம். அரிசி ஆலை உமியும் கிடைக்கும், ஆனால் அது பறக்கும், பாதத்தில் குத்தும்; பல பூனைகள் முகம் சுளிக்கும். மரவள்ளி மாவில் செய்த லிட்டரை வெளிநாடுகளில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மரவள்ளி விளையும் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு நாம் அதை இணையத்தில் தேடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

தட்டு பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். பெரிய பிளாஸ்டிக் பேசின் போதும். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் வாஷிங் மெஷின் அதிரும் மூலையிலும் வைக்க வேண்டாம். புதிதாக வந்த பூனையை முதல் சில நாட்களுக்கு ஒரே அறையில், தட்டோடு பழகவிட வேண்டும். வந்த அன்றே வீடு முழுவதும் திறந்துவிடுவதில்தான் பாதித் தொல்லை ஆரம்பம்.

இதுவரை சொன்னது வளர்ப்பவர் பாடு. மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

குட்டியைக் கொடுப்பவர் ‘எல்லாம் பழகிவிட்டது’ என்று சொல்லிக் கையில் திணிக்கிறார். அது எந்த மண்ணில் பழகியது என்பதைச் சொல்லி, அந்த மண்ணில் ஒரு பை கூடவே கொடுத்தால் என்ன? முடியவில்லை என்று ஒருவர் திரும்பி வந்தால் வாங்கிக்கொள்வதும் கொடுத்தவர் பொறுப்பில் சேர வேண்டும். அதைவிட முக்கியம் கருத்தடை. சுவரோரம் நின்றபடி வாலைத் தூக்கிப் பீய்ச்சுவது கடுவன் தன் எல்லையைக் குறிப்பது. அதற்கும் தட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆறு மாத வயதையொட்டிக் கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்களுக்கு அந்தப் பழக்கமே வருவதில்லை.

பூனை வளர்ப்பவருக்குக் கருத்தடைச் சான்றோ, காலி செய்யும்போது தரையைச் சுத்தம் செய்து தரும் உறுதியோ கேட்க வீட்டுச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணிகளை அடியோடு தடுக்க முடியாது, நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம் என்று 2021-இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. வாடகை வீட்டு விவகாரம் வேறு என்றாலும் அதே பாதை இங்கும் நடக்கத் தகுந்தது. ‘இந்த வாரமே பூனையை அகற்று’ என்று கெடு வைப்பதுதான் சாக்குப்பையைத் தேட வைக்கிறது.

வீட்டில் யாராவது கருவுற்றால் பூனைக்கு நாள் குறிக்கப்படுகிறது. டாக்ஸோபிளாஸ்மா கிருமியைப் பற்றிய பயம் பொய்யில்லை. ஆனால் பூனையின் மலத்தோடு வெளிவரும் அந்தக் கிருமி தொற்றக்கூடிய நிலையை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை ஆகும். கணவரோ மாமியாரோ தினமும் தட்டை அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் அந்தக் கிருமிக்குப் பூனையைவிடக் குறைந்த வழிகள் அல்ல. அள்ளியதைக் காகிதத்தில் பொதிந்து தனியாகக் கொடுக்க வேண்டும். மக்கும் குப்பையோடு கலந்தால், அது தூய்மைப் பணியாளரின் கையைத் தாண்டி உரத்திலும் போய்ச் சேரும். இதற்கென்று ஒரு அறிவிப்பை நகராட்சி குப்பை வண்டி ஒலிபெருக்கியில் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கால்நடை மருந்தகங்களின் அன்றாடம் மாடும் ஆடும் கோழியும்தான். விவசாய மாவட்டத்தில் அது நியாயமும்கூட. ஆனாலும் வாரத்தில் ஒரு பகல் பூனை, நாய்க்கென்று கள்ளக்குறிச்சியில் ஒதுக்கப்பட்டால் கருத்தடையும் சிறுநீர் அடைப்புச் சிகிச்சையும் கைக்கெட்டும். பக்கத்துத் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களுக்கும் இது பாடமாகும்.

கைவிடுவது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியிலும் தாகத்திலும் வாட நேரும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. அந்தத் தொகையை நம்பி யாரும் திருந்தப் போவதில்லை. 2001-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்கின்றன. அந்தச் சங்கத்தின் பேச்சில் மாட்டு வண்டியோடு பூனையும் இடம்பெறட்டும்.

மலையடிவாரத்தில் விடப்படும் வீட்டுப் பூனை எலியை மட்டும் தேடாது. பறவைக் கூட்டையும் ஓணானையும் தேடும், பிறகு ஏதாவது ஒரு மலைக் கிராமத்துக் குடிசை வாசலில் போய் நிற்கும். தடுப்பூசி போட்டதா, நோய் உண்டா என்று எதுவும் தெரியாமல் அதற்குச் சோறு வைக்க வேண்டியவர், மழைக்கு முன் சாமையை வீடு சேர்க்கும் அவசரத்தில் இருக்கும் யாரோ ஒருவர். கீழே மாடி வீட்டில் தட்டு வைக்க இடம் இல்லை என்றவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.