எதற்காக ஓடுகிறோம்?



ஓதிக்கொடுக்கும் ஆசிரியன் உடற்பயிற்சியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. யோசிக்காமல் நான் சொன்ன ஒரு சொல்லால் ஓர் இளைஞனின் ஓராண்டு வீணாயிற்று. அத்தவறு இன்னொரு வீட்டில் நிகழ வேண்டாம் என்பதற்காகவே இம்மாதப் பகுதியை இதற்கு ஒதுக்குகிறேன்.

அவன் எங்கள் மத்ரஸாவில் ஓதிய பிள்ளை. தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்பவர். 1964-இல் தொடங்கிய அத்தொழிற்பேட்டையை நம்பி எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. நிலையான அரசுப் பணி ஒன்று கிடைத்தால் அத்தாவுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்பது மகனின் ஆசை. 2022-இல் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ஹஜ்ரத், தனியாக ஓடிப் பழகலாமா, அல்லது ஜிம்மில் சேரலாமா? அங்கே நாளுக்கொரு பயிற்சியாம். ஒரு மணி நேரத்தில் உடம்பைப் பிழிந்தெடுத்துவிடுவார்களாம்."

"எல்லாப் பயிற்சியும் உடம்புக்கு நல்லதுதானே, தம்பி. சேர்ந்துகொள்" என்றேன். அவன் என்ன தேர்வு எழுதப்போகிறான், அதில் என்ன கேட்பார்கள் என்று நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

சேர்ந்தான். தோள் அகன்றது, மார்பு விரிந்தது. டயர் புரட்டினான், பளு தூக்கினான், பெட்டியின் மீது தாவி ஏறினான். எழுத்துத் தேர்விலும் நல்ல மதிப்பெண். 2023-இன் தொடக்கத்தில் உடல்தகுதித் தேர்வுக்குப் போனான். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவனுக்கு 20 விநாடி கூடுதலாயிற்று. அத்துடன் வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்து வரும் கயிற்றைத் தொடும் வாய்ப்புகூட அவனுக்குக் கிட்டவில்லை.

ஆவடியில் சிறப்புக் காவல் படையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கேள்வித்தாள் முன்கூட்டியே உன் கையில் இருக்கிறது. நீயோ வேறு பாடத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறாய்."

அந்தச் சொல் என்னைத்தான் சுட்டது. மனனம் செய்யும் மாணவன் நாளைக்கு எந்தப் பகுதியை ஒப்பிக்க வேண்டுமோ அதையே இன்று திரும்பத் திரும்ப ஓதுகிறான். கதைப் புத்தகம் படிப்பதும் நல்லதே. ஆனால் அதனால் நாளைய பாடம் வந்துவிடாது. இது எனக்குத் தெரியாததா?

பலவகைப் பயிற்சியை நான் குறை கூறவில்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு கிரெக் கிளாஸ்மன் என்பவர் நிறுவிய கிராஸ்ஃபிட் என்னும் முறை இவ்வகையில் பெயர் பெற்றது. இன்று பளு, நாளை ஓட்டம், மறுநாள் தண்டால் என்று ஓயாமல் மாற்றி, கடும் வேகத்தில் செய்விப்பது அதன் இலக்கணம். வாழ்க்கை எப்போது எதைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே உடல் எதற்கும் ஆயத்தமாக இருக்கட்டும் என்பது அதன் வாதம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கலந்து செய்ததும் ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான்.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடுமை வேறு, கலப்பு வேறு. கடுமைக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது ஜப்பானிய அறிஞர் இசூமி தபாட்டாவும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 60 நிமிடம், வாரம் 5 நாள், மிதமான வேகத்தில் சைக்கிள் இயந்திரத்தை மிதித்தார்கள். மற்றொரு பிரிவினர் 20 விநாடி முழு மூச்சாக மிதிப்பது, 10 விநாடி ஓய்வு என்று 7 அல்லது 8 முறை செய்தார்கள். 6 வாரங்களில் நீடித்து உழைக்கும் திறன் இரு பிரிவினருக்கும் உயர்ந்தது; குறுகிய நேரம் கடுமையாக உழைக்கும் திறன் இரண்டாம் பிரிவினருக்கு மட்டும் 28 விழுக்காடு கூடியது. வியக்கத்தக்க பயன்தான். ஆனால் கவனியுங்கள்: பயிற்சியும் சைக்கிளில், சோதனையும் சைக்கிளில். எதில் பழகினார்களோ அதிலேயே அளக்கப்பட்டார்கள். அந்த ஆய்வு கடுமையின் பலனைக் காட்டுகிறதேயன்றி, நாளுக்கொன்றாக மாற்றுவதன் பலனைக் காட்டவில்லை.

1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் கண்டது இன்னொரு பாடம். வலிமைப் பயிற்சியையும் நெடுநேர உழைப்புப் பயிற்சியையும் ஒருசேரக் கடுமையாகச் செய்தவர்களுக்கு, ஏறத்தாழ 7 வாரம் வரை வலிமை ஏறியது. பிறகு நின்று, 9, 10-ஆம் வாரங்களில் இறங்கியது. வலிமைப் பயிற்சியை மட்டும் செய்தவர்களுக்கோ ஏறிக்கொண்டே இருந்தது. ஒரே உடலிடம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால், அது சிலவற்றைக் குறைத்தே தரும்.

இனிக் காவலர் தேர்வின் கணக்கைப் பாருங்கள். 7 நிமிடம் என்பது 420 விநாடி. 1500 மீட்டரில் ஒவ்வொரு 400 மீட்டருக்கும் 112 விநாடி. பெரியவர் அவனை 400 மீட்டரை 105 விநாடியில் ஓடச் செய்து, சற்று ஓய்வு தந்து, மீண்டும் ஓடச் செய்தார். வாரம் ஒரு நாள் இப்படி 4 அல்லது 5 முறை. இன்னொரு நாள் நிதானமாக 5 கிலோமீட்டர். மற்றொரு நாள் 1000 மீட்டர், தேர்வின் வேகத்திலேயே. கயிறு ஏறுவதில் 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. தொழிற்பேட்டைக் கிடங்கு ஒன்றின் உத்தரத்தில் உரிமையாளரின் அனுமதியோடு கயிறு கட்டி, கீழே மெத்தை விரித்து, வாரம் இரு நாள் ஏறினான். நீளம் தாண்டுதலுக்கு ஒரு நாள். ஒவ்வொரு நாளின் நேரத்தையும் தூரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்தான். முன்னேறுகிறோமா இல்லையா என்று அந்த நோட்டு உள்ளதை உள்ளபடி சொல்லிற்று.

2024-இல் 1500 மீட்டரை 6 நிமிடம் 35 விநாடியில் முடித்தான். கயிறும் ஏறினான். ஆனால் இம்முறை எழுத்துத் தேர்வில் மதிப்பெண் முன்னதைவிடக் குறைவு. எழுத்துக்கு 70, உடல்திறனுக்கு 24 என்ற கணக்கில், மொத்தத்தில் சிறிது குறைந்து இறுதிப் பட்டியலில் பெயர் இல்லாமல் போயிற்று. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு வயது வரம்பு 28. அடுத்த அறிவிப்பு வரும் முன் அவன் அதைக் கடந்துவிட்டான். முதல் முறை அந்த 20 விநாடி கைவசமிருந்தால்? அவன் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக பாரம்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை ஜிம்முக்குப் பணம் கேட்டால் முதலில் "எதற்காக?" என்று கேளுங்கள். காவலர் தேர்வு, இராணுவத் தேர்வு, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று நாளும் அளவும் குறிக்கப்பட்ட இலக்கு இருந்தால், அந்த அளவையே பயிற்சியாக்குங்கள். குறைந்தது மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பலவகைப் பயிற்சி அதற்குத் துணையாக இருக்கலாம். அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. பணியில் சேர்ந்த பின் கதை வேறு. வெள்ளத்தில் யாரைத் தூக்க வேண்டியிருக்கும், எந்தச் சுவரைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று காவலருக்கு யாரும் அட்டவணை தருவதில்லை. அப்போது பலவகைப் பயிற்சியே பொருத்தம்.

தேர்வு ஏதும் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கும் கலந்து செய்வதே நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு வேண்டும். அத்துடன் வாரம் இரு நாளாவது தசைகளுக்கு வேலை. விரைந்த நடையும், மொட்டை மாடியில் சிறிது பஸ்கியும் சுவரில் கை ஊன்றிய தண்டாலும் இதற்குப் போதும். பெண்களுக்கும் இதே அளவுதான். அடுப்படி வேலை இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பழகாத உடல் முதல் நாளே அளவு மீறினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோன்பு மாதத்தில் கடும் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் சற்று நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அவன் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். ஃபஜ்ருக்குப் பின் தங்கையை மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறான். அவளும் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகிறாள். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. கடிகாரம் அண்ணன் கையில். சர்க்கரை உள்ள தந்தை அதே மைதானத்தைச் சுற்றி அவர் போக்கில் நடக்கிறார். சென்ற வாரம் நானும் போயிருந்தேன். அவள் ஓடி முடித்ததும் நேரத்தைப் பார்த்து, "இன்னும் 6 விநாடி குறைய வேண்டும், ஹஜ்ரத்" என்றான். இம்முறை நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. நோட்டைப் பிடித்து, அவன் சொன்ன எண்ணை எழுதிக்கொடுத்தேன்.