பட்டாசு வெளிச்சத்தில் தெரியாத முகங்கள்

தீபாவளி நெருங்கினால் போதும், ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "அந்தக் காலத்துத் தெரு எங்கே? அந்த ஒற்றுமை எங்கே? ஒரு வீட்டுப் பட்டாசை ஊரே கூடிக் கொளுத்திய நாள் போயிற்றே!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். தாம் குடியிருந்த தெருவை நினைத்து மனம் உருகுவதில் தவறே இல்லை. உழைக்கிறவனுக்கு நினைவைத் தவிர வேறு சொத்து எவ்வளவு இருக்கிறது? ஆனால் நினைப்பதை முழுதாக நினைக்க வேண்டும். வெளிச்சத்தை மட்டும் நினைத்துவிட்டு, அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள நமது வேலப்பன்சாவடியையே எடுத்துக்கொள்வோம். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இதே பக்கத்தில் குமணன்சாவடி, கரையான்சாவடி என்றும் ஊர்கள் இருக்கின்றன. வந்தவனுக்கு இடம் கொடுப்பதே இந்த ஊர்களின் பெயர்.

பிறகு தங்கிப் போகிறவர்கள் மட்டுமல்ல, தங்கிவிடுகிறவர்களும் வந்தார்கள். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி வந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் மோட்டார் உதிரிபாக ஆலைகள், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் தெற்கேயிருந்தும் நிலமில்லாதவர்கள் வேலை தேடி வந்தார்கள். வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் குடியேறியது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே கிணறு. லேத் ஓட்டுகிறவர் ஒரு வீட்டில், நாற்று நடப் போகும் அம்மாள் அடுத்த வீட்டில், செங்கல் சூளைக்குப் போகிறவர் மூன்றாவது வீட்டில். ஜாதி பார்த்துக் குடிவைத்த தெருக்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஷிப்டில் வேலை செய்து, ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த இடங்களில் அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

அங்கே தீபாவளி எப்படி வந்தது? ஒரு சரத்தை ஒரேயடியாகக் கொளுத்துவது பணக்காரத் தெருவின் வழக்கம். நமது பிள்ளைகள் சரத்தைப் பிரித்து, ஒவ்வொரு ஊசிப்பட்டாசாக எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் நமுத்துப்போகாமல் தாய்மார்கள் அவற்றை அடுப்பங்கரை ஓரத்தில் வைத்துக் காத்தார்கள். ஒரு வீட்டுப் புஸ்வாணத்தைப் பத்து வீட்டுக் குழந்தைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். மறுநாள் காலையில் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தினார்கள். எத்தனை பிள்ளைகளின் விரல்கள் அதில் பொசுங்கின!

இந்தச் சந்தோஷத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? இதைத்தான் பலரும் சொல்ல மறக்கிறார்கள்.

போனஸ் இனாம் அல்ல

ஆலைத் தொழிலாளியின் தீபாவளி போனஸில் வந்தது. அதை எந்த முதலாளியும் தாமாக மனமிரங்கிக் கொடுத்துவிடவில்லை. போனஸ் என்பது முதலாளியின் தயவு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அது கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி என்று தொழிற்சங்கங்கள் வாதாடின, வேலைநிறுத்தம் செய்தன. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டு பத்து ஆண்டுகள் கழிந்த பிறகு, 1965இல்தான் போனஸ் சட்டம் வந்தது. அதிலும் குறைந்தபட்சம் 4 சதவீதம்தான். 1970களின் தொடக்கத்தில் அது 8.33 சதவீதமாக உயர்ந்தது. அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். 1975இல் நெருக்கடி நிலை வந்ததும் முதல் வேலையாக அதை மறுபடியும் 4 சதவீதத்துக்கு வெட்டினார்கள். 1977இல் ஆட்சி மாறிய பிறகே 8.33 திரும்பக் கிடைத்தது. பிள்ளையின் கையில் மின்னிய மத்தாப்புக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

விவசாயத் தொழிலாளிக்கு இதுவும் கிடையாது. நிலக்காரர் கொடுத்த பழைய வேட்டியும் இரண்டு படி நெல்லும்தான் அவருடைய தீபாவளி. வாங்கும்போது கைகட்டி நிற்க வேண்டும். போனஸுக்கும் இனாமுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கைகட்டில் இருக்கிறது. ஒன்றைக் கேட்டு வாங்கலாம், மற்றொன்றைக் கும்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சிவகாசியின் கைகள்

காசு வந்த வழி இது. பட்டாசு வந்த வழி எது?

அது வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தது. ஆற்றுப் பாசனம் இல்லாத கரிசல் மண். மழை பொய்த்தால் கூலி வேலையும் பொய்த்துவிடும். 1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதன் பின்னால் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் செய்யப்படுகிறது. வயலில் வேலையற்றுப்போன விவசாயக் கூலிகளே அங்கே பட்டாசுத் தொழிலாளிகள். பெண்கள் ஏராளம். எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு காலத்தில் பச்சைக் குழந்தைகளும் அங்கே மருந்து நெடியில் உட்கார்ந்திருந்தார்கள். 1996 டிசம்பர் 10ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லி, குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நமது தெருப் பிள்ளை கொளுத்திய சரத்தைப் பின்னியது இன்னொரு தெருப் பிள்ளை!

அந்தத் தெருக்களில் வெடிச்சத்தம் கேட்டால் குழந்தைகள் கை தட்டுவதில்லை. பெண்கள் வாசலுக்கு ஓடிவருகிறார்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும், என்னவென்று பார்க்க வந்தவர்களும் அதில் சேர்த்தி. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மடிந்தார்கள். 2025 ஜூலை 1ஆம் தேதி சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் வெடித்தது, மறுபடியும் பிணங்கள்.

இது விதியா? இல்லை. மருந்துக் கலவை செய்யும் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை மருந்துக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் பல பேருக்கு உள்குத்தகை. குத்தகைக்காரர் பணத்தை எடுக்க அவசரப்படுகிறார். நாலு பேர் இருக்கவேண்டிய இடத்தில் பத்துப் பேர் உட்காருகிறார்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது மரத்தடியிலும் மருந்து செலுத்துகிறார்கள். உராய்வில் ஒரு பொறி போதும். விபத்து என்று பத்திரிகையில் போடுகிறார்கள். லாபவெறி என்று போடுவதில்லை.

தடை ஒன்றே மருந்தா?

"அப்படியானால் பட்டாசையே ஒழித்துவிடலாமே" என்று சில கனவான்கள் சொல்கிறார்கள். புகையைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தீபாவளி இரவில் ஆஸ்துமாக்காரரும் கைக்குழந்தையும் படும் பாடு ஓர் அறை வீட்டில்தான் அதிகம். 2018 அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்களைத் தடுத்தது, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது, நேரத்தையும் இரண்டு மணியாகச் சுருக்கியது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஜனங்களின் மூச்சைக் காக்கும் விதியை நாம் எதிர்க்கப் போவதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாமலே பட்டாசை விட்டவர்கள். ஜனங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடந்தது என்ன? 2018 நவம்பரில் முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள். மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சேமிப்பு உள்ளவர்கள் காத்திருந்தார்கள். அன்றாடக் கூலிகளின் அடுப்பு அணைந்தது. மருந்தை மாற்று என்று உத்தரவிடும் சர்க்கார், மாறும்வரை அந்தக் குடும்பங்கள் என்ன தின்பார்கள் என்று கேட்க வேண்டாமா?

இன்றைய சாவடி

நமது ஊருக்குத் திரும்புவோம். வேலப்பன்சாவடிச் சுற்றுப்புறத்தில் வயல் சுருங்கி, கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கிடங்கும் அடுக்குமாடியும் எழுந்துவிட்டன. பழைய வரிசை வீடுகளில் இன்று ஒரிசா, பீகார், அஸ்ஸாமிலிருந்து வந்த தொழிலாளிகள் அறைக்குப் பத்துப் பேராகப் படுக்கிறார்கள். "இவர்கள் வந்துதான் தெரு கெட்டது" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். தோழர்களே, யோசித்துப் பாருங்கள். நமது தகப்பனாரும் ஒரு தகரப் பெட்டியோடு இதே சாலையில் வந்திறங்கியவர்தானே? பீகார்த் தொழிலாளிக்கும் பின்னால் விட்டுவந்த ஒரு தெரு உண்டு. தீபாவளி கழிந்த ஆறாம் நாள் அங்கே ஆற்றங்கரையில் சூரியனுக்குச் சட் பூஜை நடக்கும்போது, இவர் இங்கே பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறார்.

தெருவைக் கெடுத்தது காண்டிராக்ட் முறை. பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கும் இருவரில் ஒருவருக்குப் போனஸ், மற்றவருக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட். சரத்தைப் பிரித்துப் பங்கிட்ட தெருவை இப்படித்தான் பிரித்தார்கள்.

ஆகவே இந்தத் தீபாவளிக்கு ஏக்கத்தோடு நிற்காமல் சில காரியங்களைக் கேட்போம்.

1. பட்டாசு ஆலைகளில் உள்குத்தகையை அடியோடு ஒழிக்க வேண்டும். வெடித்தால் லைசென்ஸ்காரரே முதல் குற்றவாளி.

2. எண்ணிக்கைக் கூலி போய், பட்டாசுத் தொழிலாளிக்கு நாள் சம்பளமும் பிராவிடண்ட் பண்டும் இன்ஷூரன்ஸும் வேண்டும். புதிய விதிகளால் வேலை நின்றால், நின்ற நாட்களுக்குச் சர்க்கார் நிவாரணம் தர வேண்டும்.

3. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், சட்டம் குறித்த சம்பள வரம்புக்குள் இருப்பவர் ஆண்டில் 30 நாள் உழைத்திருந்தாலே போனஸுக்கு உரியவர். காண்டிராக்ட் தொழிலாளியும் அதில் அடக்கம். எந்தப் பாஷை பேசினாலும் அவருக்கு அது கிடைக்கும்படி சங்கம் பார்க்க வேண்டும்.

4. வயலில் உழைப்பவருக்கும் ஆண்டுக்கொருமுறை பண்டிகைப் பணம் சட்டப்படி வேண்டும், இனாமாக அல்ல.

பழைய தெருவை நாம் நேசிப்பது அங்கே ஒருவர் பங்கை ஒருவர் கொடுத்து வாழ்ந்ததால். அந்தத் தெருவின் நீளம் வேலப்பன்சாவடியோடு முடிந்துவிடவில்லை. அதன் ஒரு முனை சாத்தூர் கரிசலில் இருக்கிறது, மறுமுனை பீகார் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களையும் சேர்த்துக் கூப்பிட்டுப் பங்கு கேட்கும் வேலை நம்முடையது.