கழுத்து வலி: உருவிவிட்டால் மட்டும் போதுமா?

காலையில் கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் வந்து சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பெட்டியில் உட்கார்ந்திருப்பவர், நிற்பவர் என்ற வித்தியாசமில்லாமல் பெரும்பாலோர் தலையைக் கவிழ்த்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் கணினி. திரும்பும்போது மீண்டும் கைப்பேசி. இரவு படுக்கையிலும் அதுதான் துணை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை.

உடனே நமக்கு ஞாபகத்துக்கு வருவது தைலமும் உருவிவிடும் கைகளும்தான். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் தம்பிப்பிள்ளை, துன் சம்பந்தன் சாலை வட்டாரத்தில் பார்வையற்றவர்கள் நடத்தும் உருவு நிலையங்கள் பல இருக்கின்றன. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. அதன் தொழிற்பயிற்சிகளில் உருவுதலும் ஒன்று. விரல் நுனியாலேயே தசை இறுகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் அனுபவசாலிகள் அவர்கள். அங்கே போய் வந்தால் கழுத்து லேசானது போல் இருப்பது உண்மை. ஆனால் அடுத்த வாரம் அதே வலி ஏன் திரும்பி வருகிறது?

உருவுதல் இறுக்கத்தைத் தளர்த்தும். தசைக்குப் புதிய வலுவைத் தராது. கழுத்து வலி திரும்பி வராமல் இருக்க வேண்டுமானால் இரண்டு காரியங்கள் தேவை. ஒன்று, அடிக்கடி அசைவது. மற்றொன்று, தசைக்கு வலு சேர்ப்பது. இரண்டுக்கும் காசு அதிகம் செலவாகாது.

தலையின் பாரம்

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். தலையை 15 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 12 கிலோ, 30 பாகையில் 18 கிலோ, 45 பாகையில் 22 கிலோ, 60 பாகையில் 27 கிலோ என்றது அந்தக் கணக்கு. வாட்ஸ்அப்பில் நம் எல்லாருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும் படம் இது.

இது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. மனிதர்களை அளந்து பார்த்த முடிவு அல்ல. 2018-இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்று, 18 முதல் 21 வயது வரையிலான 150 பேர் கைப்பேசி பார்க்கும் விதத்தைக் கவனித்தது. அதிகம் குனிந்து பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை.

அப்படியானால் குனிவது தவறே இல்லையா? குனிவதால் கழுத்து கெட்டுவிடாது. குனிந்த நிலையிலேயே அசையாமல் நெடுநேரம் இருப்பதுதான் தொல்லை. இறுகிய நிலையிலேயே இருக்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது, தசை சோர்ந்து வலிக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தாலும் மூன்று மணி நேரம் சிலைபோல் இருந்தால் இதே கதிதான். தூக்கக் குறைவும் வேலை நெருக்கடியும் சேர்ந்தால் வலி இன்னும் கூடும்.

ரயிலிலேயே தொடங்கலாம்

அசைய வேண்டும் என்று தெரியும், ஆனால் மறந்துவிடுகிறது என்பார்கள் பலர். கோமுட்டர் பயணிகளுக்கு நினைவூட்ட நிலைய அறிவிப்பே இருக்கிறது. புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா என ஒவ்வொரு நிலையம் வரும்போதும் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டுத் தலையை நிமிர்த்துங்கள். மெதுவாக வலப்பக்கம், இடப்பக்கம் திருப்புங்கள். தோள்களைக் காதுவரை உயர்த்தி இறக்குங்கள். அரை நிமிடம் போதும். சென்ட்ரல் வருவதற்குள் பத்து முறைக்கு மேல் செய்திருப்பீர்கள்.

உட்கார இடம் கிடைத்தால் மடியில் பையை வைத்து அதன் மேல் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். கைப்பேசி கொஞ்சம் உயரும், கைக்கும் ஓய்வு கிடைக்கும். நீண்ட செய்திகளை விரலால் தட்டுவதற்குப் பதில் குரல் பதிவாக அனுப்பலாம்.

அலுவலகத்தில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் அதன் கீழ் நாலைந்து தடித்த கோப்புகளை அடுக்கித் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வரலாம். தட்டச்சு செய்யத் தனி விசைப்பலகை வேண்டும். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் திரை சற்றுத் தாழ்ந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும்.

வேலையிடத்தில் இதைக் கேட்க நமக்கு உரிமையும் உண்டு. மனித உடலுக்கேற்ற வேலையிட அமைப்பை மதிப்பிடுவதற்கான வழிகாட்டியை நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017-இல் வெளியிட்டது. 2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சிறிய அலுவலகங்கள் உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. நாற்காலியும் திரையும் பொருந்தவில்லை என்றால் மேலாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டு நிமிடப் பயிற்சி

அடிக்கடி கழுத்து, தோள் வலியால் அவதிப்பட்ட 198 அலுவலக ஊழியர்களை டென்மார்க்கில் மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழு ரப்பர் பட்டையை இழுத்து நாளுக்கு 2 நிமிடம் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 12 நிமிடம் செய்தது. மூன்றாவது குழுவுக்கு உடல்நலத் தகவல்கள் மட்டும். வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 10 வாரம். 2011-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்த இரு குழுக்களிலும் வலி குறைந்தது. 2 நிமிடத்துக்கும் 12 நிமிடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாமும் செய்யலாம். பட்டையின் நடுவை இரு பாதங்களாலும் மிதித்துக்கொண்டு, முனைகளை இரு கைகளிலும் பிடியுங்கள். கைகளைப் பக்கவாட்டில், சற்று முன்னால் வருமாறு, தோள் உயரம்வரை தூக்கி மெதுவாக இறக்குங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறக்கூடாது. மெல்லிய பட்டையில் தொடங்கி, பழகியபின் தடித்த பட்டைக்கு மாறலாம்.

கூடவே இன்னும் இரண்டு:

முகவாயை உள்ளிழுத்தல்: நேராகப் பார்த்தபடி, தலையைக் குனியாமல், முகவாயைப் பின்னோக்கி இழுத்து 5 விநாடி வைத்திருந்து விடுங்கள். 10 முறை.

நெற்றியில் கை: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் மெல்ல அழுத்துங்கள், கை விட்டுக்கொடுக்கக்கூடாது. 5 விநாடி. அதேபோல் பின்தலை, வலப்பக்கம், இடப்பக்கம்.

பயிற்சியின்போது தசை இழுப்பது இயல்பு. வலி கைக்குள் பாய்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

வலி வந்துவிட்டால்

சாதாரணக் கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் சில நாள்களில், அதிகம் போனால் சில வாரங்களில் அடங்கிவிடும். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். கழுத்துப் பட்டை போட்டு அசையாமல் வைத்திருக்க வேண்டாம், அது தசையை இன்னும் பலவீனமாக்கும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். வயதாக ஆக, வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் அது தெரியும்.

மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் கவனம் தேவை. டைக்லோபினாக் போன்றவை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்காதீர்கள்.

முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து "டக்" என்று சொடுக்கிவிடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தத் திடீர் திருப்பத்தில், அரிதாக, கழுத்து வழியே மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். உருவிவிடப் போனாலும், கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரமாகியும் குறையாவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்தே இயன்முறை சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 272 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், சிகிச்சையாளரிடம் இரண்டு அமர்வில் கற்றுக்கொண்டு வீட்டிலேயே பயிற்சி செய்தவர்கள், ஆறு மாதம் கழித்து, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

இதெல்லாம் கைப்பேசி வலி அல்ல

கழுத்து வலி என்றாலே கைப்பேசிதான் என்று நினைத்து, பெரிய நோயைக் கோட்டை விட்டுவிடக்கூடாது.

கழுத்து, தாடை, இடக்கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி தெரியாமலும் போகும். நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இதை மறக்க வேண்டாம். தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

கை மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போடவோ சேலைக் கொசுவம் மடிக்கவோ விரல் ஒத்துழைக்காதது, நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாதது ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். காய்ச்சலும் கடுந்தலைவலியும் சேர்ந்து, முகவாய் நெஞ்சைத் தொட முடியாதபடி கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு இரவில் தூங்கவிடாத வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் கழுத்துக்குத் தேவை கொஞ்சம் அசைவும் ஒரு ரப்பர் பட்டையும்தான். பத்து வாரம் விடாமல் செய்து பாருங்கள்.