கூலி என்பது காசா, ஆளா?

கூலி என்றால் நமக்கு என்ன? பாடுபட்டவன் பெறும் ஊதியம். வள்ளுவரும் அப்பொருளில்தான் ஆண்டார். துருக்கியிலோ 'குல்' என்றால் அடிமை. குஜராத்தில் 'கோளி' ஒரு சமூகத்தின் பெயர். சீனர் 'கூலி'யைக் கசப்பு, வலிமை என்னும் பொருளுள்ள இரண்டு எழுத்துகளால் எழுதினர். பட்டவர்கள் அல்லவா!

ஆங்கிலேயன் எங்கிருந்து எடுத்தான்? கோளியிலிருந்தா, தமிழிலிருந்தா? அறிஞர்கள் வாதிடட்டும். அவன் வாயில் ஊதியம் போய் ஆளே கூலியானான் என்பதுதான் நம் வழக்கு. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்கு ஏற்றப்பட்ட நம்மவர் அங்கே கூலிகள். பின்னாளில் வழக்காடப் போன காந்தியாருக்குக்கூட 'கூலி பாரிஸ்டர்' பட்டம்! கரும்புத் தோட்டத்தில் அந்தக் கூலிகள் கண்ட கூலியோ, முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங்.